இறகை எப்படி எறிவது? ஃபிளை ஃபிஷிங் முதல் பாடம்

ஒரு கோழி இறகைக் கையில் எடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எறிந்து பாருங்கள். இரண்டடி போவதற்குள் சுழன்று, காலடியிலேயே வந்து விழும். அதே இறகை நாற்பதடி தள்ளி, ஓடும் ஆற்றில் ஒரு பாறைக்குப் பக்கத்தில், ஒரு முழ அகல இடத்தில், நீர் அலுங்காமல் இறக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? ஃபிளை ஃபிஷிங் என்ற மீன்பிடி முறை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. இதற்கான பதில் பிடிபட்டுவிட்டால் கருவிகள், பெயர்கள், எண்கள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஃபிளை என்றால் ஈ. இங்கே அது உயிருள்ள ஈ இல்லை. தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, முடி கொண்டு கட்டிய பொய்ப்பூச்சி. இன்று சின்ன மீன், இறால், நண்டு, தவளை என்று எதைப்போலக் கட்டினாலும் ஃபிளை என்றே சொல்கிறார்கள். நான் பொய்ப்பூச்சி என்றே எழுதுகிறேன், சொல்லும்போதே பொருள் விளங்கிவிடும்.

எடை எங்கே இருக்கிறது?

ஏரிக்கரையில் நாம் பார்த்து வளர்ந்த தூண்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, ஒரு ஈயக்குண்டு, முள்ளில் மண்புழு. வீசும்போது ஈயக்குண்டு முன்னால் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ரீல் வைத்த நவீனத் தூண்டிலிலும் இதுதான் கதை: இரைப்பக்கம் எடை, நரம்புக்கு எடையே இல்லை.

ஃபிளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். எடை நரம்பில் இருக்கிறது. நாம் வீசுவது நரம்பைத்தான். பொய்ப்பூச்சி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா கூடப் போகிறது.

இதற்கான நரம்பை ஃபிளை லைன் என்கிறார்கள். உள்ளே ஒரு பின்னல் இழை, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு. தங்கூசியைவிடப் பல மடங்கு தடிமன், நல்ல மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் கண்ணுக்குத் தெரியும். லைன்களின் எடையைக் குறிக்க உலகப் பொதுவான எண்முறை ஒன்று உண்டு. லைனின் முதல் 30 அடி, அதாவது 9 மீட்டர் சொச்சம், எவ்வளவு எடை என்பதுதான் கணக்கு. 5ஆம் எண் லைனில் அந்த 30 அடி 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம். 8ஆம் எண்ணில் 210 கிரெய்ன், 13.6 கிராம். இந்த 9 கிராம் காற்றில் பறக்கும்போது, பத்தில் ஒரு கிராம்கூட இல்லாத பொய்ப்பூச்சியைச் சுமந்து போவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கோலிலும் அதே எண்ணைப் போட்டிருப்பார்கள். 5ஆம் எண் கோல் 5ஆம் எண் லைனின் எடைக்குச் சரியாக வளையும்படி செய்யப்பட்டது. வில்லையும் அம்பையும் பொருத்துகிற மாதிரிதான். லைன் கனம் போதாவிட்டால் கோல் வளையாது, வளையாவிட்டால் விசை பிறக்காது. ஆற்று டிரவுட் மீனுக்கு 9 அடி நீளமுள்ள 5ஆம் எண் கோலையும், கடற்கரை ஆழமற்ற நீரில் பிடிக்கும் போன்ஃபிஷ்ஷுக்கு 8ஆம் எண்ணையும், பெரிய பாரை மீனுக்கு 12ஆம் எண்ணையும் பரிந்துரைப்பது வழக்கம். எண் ஏறுவதற்கு மீனின் பலம் மட்டும் காரணமில்லை. பெரிய மீனுக்குக் கட்டும் பொய்ப்பூச்சி பெரியது, காற்றை அதிகம் தடுப்பது. அதைத் தூக்கிப் போகக் கனமான லைன் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

தடித்த லைனை நேரே பொய்ப்பூச்சியில் கட்டினால் மீன் பயந்து ஓடிவிடும். அதனால் இடையில் லீடர் என்று ஒன்பதடி நீள நைலான் நரம்பு வரும். அடியில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலியும். எருமைச் சாட்டை எப்படி நுனிக்கு மெலிகிறதோ அப்படி. தடித்த பக்கத்திலிருந்து வரும் விசை படிப்படியாகக் கடத்தப்பட்டு நுனியில் அடங்குவதால்தான் பூச்சி மெல்ல இறங்குகிறது. கடைசி ஓரிரு அடி டிப்பெட். 5எக்ஸ் என்ற அளவு 0.15 மில்லிமீட்டர்தான். எக்ஸ் எண் கூடக்கூட மெல்லியது. எண்ணை 11இலிருந்து கழித்தால் வருவது, அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு தடிமன். 5எக்ஸ் என்றால் ஆறு.

வீசுவது: காத்திருக்கத் தெரிந்த கை

நான் வீசப் பழகியது ஒரு பள்ளி மைதானத்துப் புல்லில். முள் கிடையாது. லீடர் நுனியில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூல், அவ்வளவுதான். நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் அருகில் போனால் மனம் மீனிடம் போய்விடும், கை என்ன செய்கிறது என்று பார்க்காது.

உங்கள் பக்கவாட்டில் ஒரு பெரிய கடிகாரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 9 மணி, தலைக்கு மேல் 12. லைனை முன்னால் புல்லில் நேராகக் கிடத்தி, கோல் நுனியைத் தாழ்த்தித் தொடங்குங்கள். மெதுவாகத் தூக்கி, வேகம் கூட்டிக்கொண்டே வந்து, 1 மணி நிலையில் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்தம்தான் முக்கியம். அதுவரை வளைந்திருந்த கோல் நிமிரும், அந்த விசை லைனுக்குள் போகும், லைன் ஒரு வளையமாக உருண்டுகொண்டே உங்கள் முதுகுக்குப் பின்னால் விரியும். அது முழுதாக நீளும் வரை காத்திருங்கள். பிறகு அதே போல முன்னால் கொண்டுவந்து 10 மணியில் சட்டென்று நிறுத்துங்கள். வளையம் இப்போது முன்னால் விரிந்து, கடைசியில் லீடர் புரண்டு, கம்பளித் துண்டு புல்லில் வந்து உட்காரும்.

பின்னால் காத்திருக்கும் அந்தக் கணத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். லைன் விரிவதற்கு முன்பே முன்னால் இழுத்துவிடுகிறார்கள். அப்போது சாட்டை சொடுக்குகிற மாதிரி 'பட்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பூச்சி அறுந்து போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். வெளியே இருக்கும் லைனின் நீளம் கூடக்கூட காத்திருக்கும் நேரமும் கூடும். திரும்பிப் பின்னால் பாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை, தேர்ந்தவர்களும் பார்க்கிறார்கள்.

இது தோள் பலத்தால் ஆகிற வேலை இல்லை. அமெரிக்காவின் ஜோன் வுல்ஃப் 1951இல் தூரம் எறியும் போட்டி ஒன்றில், எதிரே நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள், அவர்களை வென்றார். அவர் நடனம் பயின்றவர். நேரம் பார்த்து அசைவதும் நேரம் பார்த்து நிற்பதும் உடம்பில் ஊறியிருந்தால் போதும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மறக்க வேண்டாம்: முள் கட்டிய பிறகு தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசாதீர்கள். முள் உங்கள் காதருகே பறக்கிறது, மணிக்கு எத்தனை முறை என்று எண்ணினால் தெரியும்.

மீன் எதைப் பார்க்கிறது?

எறியத் தெரிந்தாகிவிட்டது. ஆனால் எடையில்லாத இரை எதற்கு? மண்புழுவும் ஈயக்குண்டும் போதாதா?

கி.பி. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன் மாசிடோனியாவின் ஓர் ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே புள்ளி போட்ட தோலுள்ள மீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயைத் தின்கின்றன. அந்த ஈயைப் பிடித்து முள்ளில் கோத்தால் கை பட்டதும் நிறம் போய், சிறகு கசங்கிவிடுகிறது, மீன் தொடுவதில்லை. அதனால் மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிறத்து இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்களாம். ஆறடிக் கோல், ஆறடிக் கயிறு. ரீல் எதுவும் கிடையாது. பொய்ப்பூச்சி பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான விவரணை இது. பூச்சி தின்கிற மீனுக்குப் பூச்சியைத்தான் கொடுக்க வேண்டும். பூச்சிக்கு எடை இல்லை. அதனால் வந்த சிக்கல்தான் முதலில் கேட்ட கேள்வி.

டிரவுட் குளிர்ந்த ஓடும் நீரில் வாழ்கிறது. நீரோட்டத்தை எதிர்கொண்டு, தலையை மேல்நோக்கி வைத்து, ஒரு கல்லின் மறைவில் நின்ற இடத்தில் நிற்கும். உணவு தானாக மிதந்து வரும், அது வாயைத் திறந்தால் போதும். அதனால் நாம் பின்பக்கமிருந்து, கீழ்நீரிலிருந்து மேல்நீர் நோக்கி நெருங்குகிறோம்.

மேலே பார்க்கும் மீனுக்கு என்ன தெரியும் என்பது எனக்கு மிகப் பிடித்த பகுதி, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைகிறது. அதன் விளைவாக மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கித் தெரிகிறது. கூம்பு போன்ற பார்வை, அதன் விரிவு ஏறக்குறைய 97 பாகை. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சன்னல் 68 சென்டிமீட்டர் அகலம்தான். ஆழம் குறைந்தால் சன்னலும் சுருங்கும். சன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடிபோல ஆற்றுத் தரையைத்தான் காட்டும்.

இப்போது ஒரு பூச்சி மேல்நீரிலிருந்து மிதந்து வருகிறது. சன்னலுக்குள் வரும் வரை அதன் உடல் மீனுக்குத் தெரியாது. தெரிவது அந்தக் கண்ணாடியில் பூச்சியின் கால்கள் அழுத்திய சின்னச் சின்னக் குழிகள், மின்னும் புள்ளிகளாக. மீன் அந்தப் புள்ளிகளைப் பார்த்தே எழும்பத் தொடங்கிவிடும். மிதக்கும் பொய்ப்பூச்சியின் கழுத்தில் சேவல் இறகைச் சுற்றுவது இதற்காகத்தான். விறைப்பான இறகுநுனிகள் நீர்ப்பரப்பை அழுத்தி அதே புள்ளிகளைப் போடுகின்றன. கீழே இருக்கும் மீனின் கண்ணுக்காகச் செய்யும் ஏற்பாடு அது. மேலே நிற்கும் நமக்கு அழகாகத் தெரிவது கணக்கிலேயே இல்லை.

சரி, எந்தப் பூச்சி? குளிர் ஆறுகளில் மேஃபிளை, கேடிஸ், ஸ்டோன்ஃபிளை, கொசு போன்ற மிட்ஜ் ஆகிய நான்கும்தான் முக்கியம். மேஃபிளையை மட்டும் எடுத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து வந்த இளம்பூச்சி ஆற்றுத் தரையில் கற்களுக்கடியில் மாதக்கணக்கில், சில வகைகள் ஒரு வருடம்கூட, வாழும். அதை நிம்ஃப் என்பார்கள். பிறகு ஒரு நாள் நீர்ப்பரப்புக்கு எழுந்து, தோல் வெடித்து, சிறகோடு வெளியே வந்து, சிறகு உலரும் வரை சின்னப் பாய்மரப் படகுபோல மிதக்கும். அப்புறம் பறந்து போய் இன்னொரு முறை தோலுரிக்கும். சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். இணைசேர்ந்து, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி நீரில் விழுந்து இறக்கும். வளர்ந்த பூச்சிக்கு உணவு உண்ண வாய் கிடையாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் அதன் வாழ்வு. நம் ஊரில் மழைக்குப் பின் வரும் ஈசல் கூட்டத்தை நினைத்தால் அந்த மாலைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். ஈசல் கிளம்பும் நாளில் தவளையும் குருவியும் வேறெதையும் பார்ப்பதில்லை. மீனும் அப்படித்தான்.

இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பொய்ப்பூச்சி உண்டு. தரையில் உருண்டு வருவதற்கு நிம்ஃப், பரப்பில் மிதப்பதற்கு டிரை ஃபிளை, சிறகு விரித்துக் கிடப்பதற்கு ஸ்பின்னர். டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கு அடியில்தான் எடுக்கிறது. ஆனால் மீன் மேலே வந்து மிதக்கும் பூச்சியை உறிஞ்சுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு இல்லை. அதனால்தான் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் ஆறுகளில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிதக்கும் பூச்சியே முறையானது என்று வாதிட்டார். அடுத்த தலைமுறையில் ஸ்கூஸ், மீன் அடியில் தின்னும்போது அடியில் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்டார். எனக்கு ஸ்கூஸ் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மீன் எங்கே உண்கிறதோ அங்கே போவதுதானே மரியாதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது இல்லாமல் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. மிதந்து வரும் உண்மைப் பூச்சி எதிலும் கட்டப்படவில்லை. நீர் போகும் வேகத்தில் போகிறது. உங்கள் பூச்சியோ லைனில் கட்டப்பட்டிருக்கிறது. நடு ஆற்றில் வேகமான நீர் லைனை இழுத்தால் பூச்சி பரப்பில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அதற்குப் பெயர் டிராக், இழுவை. டிரவுட் அதைப் பார்த்த கணமே விலகிவிடும். இதைத் தவிர்க்க, லைன் விழுந்த உடனே கோல் நுனியால் அதை மேல்நீர் பக்கமாக ஒரு வளைவாகத் தூக்கிப் போடுகிறார்கள். அந்த வளைவு நேராகும் வரை பூச்சிக்குச் சில விநாடி சுதந்திரம். அந்தச் சில விநாடிக்குள்தான் மீன் வரும்.

கட்டுவது

பொய்ப்பூச்சி கட்டுவதைத் தனிக் கைத்தொழிலாக நினைக்கிறார்கள். என் பார்வையில் அது ஆற்றைப் பார்க்கும் பயிற்சி. கட்டுவதற்கு முன் ஒரு கல்லைத் திருப்பி அடியில் என்ன ஒட்டியிருக்கிறது, எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்று பாருங்கள். பார்த்ததைத்தான் கட்ட வேண்டும்.

இதற்கு ஃபிராங்க் சாயரைவிட நல்ல ஆசான் இல்லை. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்தவர். நீந்தும் நிம்ஃப்களை அவர் கவனித்தார். நீந்தும்போது அவை கால்களை உடம்போடு ஒடுக்கிக்கொள்கின்றன. அப்படியென்றால் பொய்ப்பூச்சிக்குக் கால் எதற்கு? அவர் கால் வைக்கவில்லை. விரைவாக மூழ்க எடை வேண்டும், கட்ட நூல் வேண்டும்; இரண்டுக்கும் ஒரே மெல்லிய செம்புக் கம்பியை வைத்தார், நூலையே விட்டுவிட்டார். உடலுக்கு ஃபெசன்ட் பறவையின் வாலிறகு இழைகள். ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் என்ற அந்தப் பூச்சி இன்று டிரவுட் உள்ள நாடுகள் எல்லாவற்றிலும் பெட்டிகளில் இருக்கிறது.

கட்டும் முறை இதுதான். முள்ளை வைஸ் என்ற சின்னப் பிடிப்பானில் பொருத்துங்கள். 14ஆம் எண் முள் நல்ல தொடக்கம். முள்ளில் எண் கூடினால் அளவு சிறுக்கும். முடி போன்ற செம்புக் கம்பியை முள்ளின் தண்டு முழுக்கச் சுற்றி, மார்புப் பகுதியில் கூடுதலாகச் சுற்றிச் சின்னப் புடைப்பு செய்யுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் காயில் கம்பி இதற்கு நன்றாகவே பொருந்தும். நான்கு இறகிழைகளை நுனிப்பக்கமாக வைத்து, வால் மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே நீட்டும்படி கம்பியால் இறுக்குங்கள். இழைகளையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி, முன்பக்கம் நோக்கிச் சுற்றி வாருங்கள். நரம்பைக் கோக்கும் கண் துளைக்கு அருகே வந்ததும் இரண்டையும் பிரித்து, இழைகளை மார்பின் மேல் பின்னுக்கு மடித்துக் கட்டி, மறுபடி முன்னுக்கு மடித்துக் கட்டுங்கள். சிறகு முளைக்கப் போகும் பூச்சியின் முதுகில் இருக்கும் கருமை அது. கம்பியை நாலு சுற்று இறுக்கி அறுத்துவிட்டால் வேலை முடிந்தது.

நூல் கொண்டு கட்டும் வகைகளில் முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் அவிழாது. எல்லாத் தொடக்கக்காரர்களும் செய்யும் பிழை ஒன்று உண்டு: கண் துளைக்குப் பக்கத்தில் இடம் விடாமல் நெருக்கிக் கட்டிவிடுவது. அப்புறம் ஆற்றங்கரையில் நரம்பைக் கோக்கவே முடியாது. இரண்டு மில்லிமீட்டர் வெறுமையாக விட்டே தொடங்குங்கள்.

எல்லாப் பொய்ப்பூச்சியும் ஏதோ ஓர் உண்மைப் பூச்சியை அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற பொய்ப்பூச்சி சாம்பல் உடம்பும், பழுப்பும் வரிப்புள்ளியும் கலந்த கழுத்திறகும் கொண்டது. குறிப்பாக எந்தப் பூச்சியும் இல்லை, ஆனால் பலவற்றின் சாயல் இருக்கிறது. எந்தப் பூச்சி பறக்கிறது என்று தெரியாத நாளில் அதைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக வீசலாம்.

பொருள்களைப் பொறுத்தவரை நம் ஊர் ஏழையில்லை. நாட்டுச் சேவலின் கழுத்திறகு விறைப்பாக இருப்பதால் மிதக்கும் பூச்சிக்கும், பெட்டைக்கோழியின் மென்மையான இறகு மூழ்கும் பூச்சிக்கும் ஆகும். மயில் தானாக உதிர்த்த பீலியின் பச்சை இழைகள் நிம்ஃப் உடலுக்கு அருமை. ஆட்டு முடியும் கம்பளியும் கடைவீதியிலேயே கிடைக்கும்.

ஆனால் இறகுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு, அதில் நம் மலைகளுக்கும் பங்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்திறகுகளில் மெழுகுத் துளி சிந்தியது போல வெளிர்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். புதுச்சேரிப் பக்கம் வந்து போன பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னராவின் பெயர்தான் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. விக்டோரியா காலத்து பிரிட்டனில் சால்மன் மீனுக்கான அலங்காரப் பூச்சிகளில் அந்தப் புள்ளியிறகு கண்ணாக வைக்கப்பட்டது. அதற்காக அந்தக் காட்டுக்கோழிகள் கொல்லப்பட்டு இறகுகள் கப்பலேறின. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. பிரிட்டனில் கட்டுவோர் பண்ணையில் வளர்த்த கோழிகளின் இறகை வாங்குகிறார்கள். அந்தப் பழைய அலங்கார மோகம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து இப்படிக் கட்டுவதற்காக 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. காட்டுப் பறவையின், காட்டு விலங்கின் எதையும் தொடாமல் கட்டுங்கள். மீன் ஒருநாளும் வேறுபாடு கேட்டதில்லை.

உப்பு நீரில்

கடலுக்கு வந்தால் முக்கால்வாசி விதிகள் புரண்டுவிடுகின்றன. ஆற்றில் இரை மிதந்து வருகிறது; கடலில் இரை ஓடுகிறது. இறால் துள்ளுகிறது, குஞ்சுமீன் சிதறுகிறது, நண்டு மணலில் புதைகிறது. அதனால் இங்கே பூச்சியை அசையாமல் மிதக்க விடுவதில்லை. லைனைக் கையால் விட்டு விட்டு இழுத்து அதற்கு உயிர் கொடுக்கிறோம்.

போன்ஃபிஷ்தான் இதற்குப் புகழ்பெற்ற மீன். பஹாமாஸ் போன்ற இடங்களில் முழங்கால் ஆழ வெள்ளை மணல் திட்டுகளில் வாய் தாழ்த்தி இறாலையும் நண்டையும் தோண்டும். அப்போது வால் மட்டும் நீருக்கு மேலே வெள்ளியாக மின்னும். நடந்தபடி தேடி, கண்ணால் கண்டு, அதன் பாதையில் சில அடி முன்னால் பூச்சியை இறக்க வேண்டும். முள் மாட்டியதும் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் போகும். ஃபிளை லைன் மொத்தமே 27 மீட்டர் அளவுதான் என்பதால் அதன் பின்னால் ரீலில் பேக்கிங் என்ற மெல்லிய பின்னல் நூல் நீளமாகச் சுற்றியிருக்கும். ஆற்றில் ரீல் லைனை வைக்கும் பெட்டி மட்டுமே. கடலில்தான் அதன் பிரேக்குக்கு வேலை.

ஆற்றில் பழகியவர்கள் கடலில் மீனைத் தவறவிடுவது ஒரே காரணத்தால். டிரவுட் கடித்ததும் கோலைத் தூக்கிப் பழகிய கை இங்கேயும் தூக்கிவிடுகிறது. அப்படிச் செய்யும்போது முள் பதியாவிட்டால் பூச்சி மேலே பாய்ந்து மீனின் பார்வையை விட்டே போய்விடும். கோலை மீனை நோக்கித் தாழ்த்தி வைத்து, லைனைக் கையால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பதியாவிட்டாலும் பூச்சி அரையடி மட்டும் நகரும், தப்பி ஓடும் இறால் மாதிரி. மீன் மறுபடி வந்து கடிக்கும்.

கடல் பூச்சிகளில் தொடக்கக்காரருக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் கிளவுசர் மின்னோ என்பேன். பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காக பாப் கிளவுசர் 1980களில் உருவாக்கியது. நன்னீரில் பிறந்து கடலை வென்ற பூச்சி. கண் துளைக்குச் சற்றுப் பின்னால் தண்டின் மேல் டம்பெல் வடிவக் கனமான கண் ஒன்றைக் கட்டுகிறார்கள். அந்த எடையால் முள் புரண்டு கூர்முனை மேல்நோக்கி நிற்கும், பாசியிலும் பாறையிலும் மாட்டாது. எடை தலையில் இருப்பதால் இழுக்கும்போது எழும்பும், விட்டால் தலைகுப்புற இறங்கும். தப்பி ஓடும் குஞ்சுமீனின் நீச்சல் அச்சு அசல் அதுதான். மற்றபடி அது இரண்டு கொத்து முடி மட்டுமே.

நம் சந்தைகளில் நாம் பார்க்கும் பாரையும் கொடுவாவும் ஃபிளை ஃபிஷிங் உலகில் பெரிய பெயர்கள். செய்ஷெல்ஸ் தீவுகளில் ராட்சதப் பாரையையும், வட ஆஸ்திரேலியாவில் கொடுவாவையும் பிடிக்க மக்கள் கண்டம் தாண்டிப் போகிறார்கள்.

எங்கே தொடங்குவது?

டிரவுட் நம் நாட்டு மீன் இல்லை. நீலகிரியில் 1860களில் மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே அதைக் கொண்டுவந்து விட முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியால் ரெயின்போ டிரவுட் நிலைத்தது, அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை வந்தது. மூணாறிலும், இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதே போல வந்து சேர்ந்தது. வெளியிலிருந்து விடப்பட்ட மீன் அங்கிருந்த சின்ன உயிர்களைத் தின்னும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த மலை நீர்கள் பலவும் இன்று காப்புப் பகுதிகளுக்குள் இருக்கின்றன; அனுமதி கேட்காமல் கோலோடு போகவே கூடாது.

அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் குட்டையில் ஜிலேபிக் கெண்டை இருந்தால் போதும். அது சின்ன நிம்ஃபை நன்றாகவே எடுக்கும். விரால் இருக்கும் குளத்தில், பாசிக்குப் பக்கத்தில் தவளை மாதிரிக் கட்டிய மிதக்கும் பூச்சியை இழுத்துப் பாருங்கள். அது வந்து அடிக்கும் அடியில் நெஞ்சு அதிரும். 9 அடி, 5 அல்லது 6ஆம் எண் கோல், மிதக்கும் லைன், ஒரு லீடர், ஆறேழு பூச்சி. முதலில் இவ்வளவுதான் தேவை.

முள்ளின் கூர்முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனை விடும்போது வாய் கிழியாது. தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், அது போனால் நோய் தொற்றும். விடப் போகிற மீனைக் கூடுமானவரை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை காத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பூச்சிப் பெட்டியைத் திறந்து இரவு முழுக்கக் காற்றாட வையுங்கள். கடலிலிருந்து வந்திருந்தால் அதற்கு முன் பூச்சி, ரீல், லைன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்போடு மூடி வைத்த பெட்டியில் ஒரு முள் துருப்பிடித்தால் பக்கத்து முள்ளும் பிடித்துக்கொள்ளும்.